அசையாமல் குடியிருந்தவர்

கொட்டாஞ்சேனையில் மஜீட் நானாவின் வீடு எது என்று யாரைக் கேட்டாலும் அந்தப் பழைய மாடிக் கட்டடத்தைத்தான் காட்டுவார்கள். மேல் விறாந்தையில், செதுக்கு வேலை செய்த மரத் தடுப்புக்குப் பின்னால், சாய்கதிரையில் பத்திரிகையோடு அவர் இருப்பதைத் தெருவே பார்த்திருக்கிறது. தெரு பார்க்கவேண்டும் என்பதற்காகத்தான் அவரும் இருந்தார்.

காலையில் அவர் எழும்புவது வெள்ளவத்தையில், மூத்த மகள் நஸ்லாவின் பிளட்டில். அங்கேயே குளித்து, தேத்தண்ணீர் குடித்து, மட்டக்குளி பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்கு வந்து குடியிருப்பார். பின்னேரம் அஸர் தொழுதபின் குடியிருப்பை முடித்துக்கொண்டு, கதவைப் பூட்டி, மறுபடி பஸ் ஏறுவார். துறைமுகத்தில் ஸ்டோர் கிளார்க்காக இருந்த காலத்தில்கூட அவர் இவ்வளவு ஒழுங்காக வேலைக்குப் போனதில்லை. ஓய்வு பெற்றதும் அந்த ஸ்டோர் கிளார்க் பதவி தானாகவே உயர்ந்து, இப்போது அவர் வாயில் ‘போர்ட் சூப்பிரிண்டனாக’ வந்து நிற்கிறது. பென்ஷன் மட்டும் அந்த உயர்வைக் கேள்விப்படவில்லை.

இந்தத் தினசரிக் குடியிருப்புக்குக் காரணம் இருந்தது. கட்டடத்தை உடைத்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போவதாகக் கட்டடச் சொந்தக்காரக் குடும்பம் சொல்லிவிட்டது. உண்மையாகவே குடியிருக்கிற ஒவ்வொரு வாடகைக் குடும்பத்துக்கும் புதுக் கட்டடத்தில் ஒரு வீடு கிடைக்கும். பூட்டி வைத்துவிட்டு வேறு இடத்தில் வாழ்கிறவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. மஜீட் நானாவின் இளைய மகள் ஜுமானாவுக்கு மாளிகாவத்தையில் ஒரு மாப்பிள்ளை பேசி வைத்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள், வாய் திறந்து சீதனம் ஒன்றும் கேட்கமாட்டார்கள். வரும்போதெல்லாம் “புள்ளைக்குக் குடுக்கிற ஊடு எந்தப் பக்கம்?” என்று மட்டும் விசாரித்துவிட்டுப் போவார்கள்.

ஆகவே அந்த விறாந்தைக் கதிரையில் ஜுமானாவின் கல்யாணம் இருந்தது. அதற்கு மேல் மஜீட் நானா இருந்தார்.

சந்தேகம் என்பது அவருக்கு முந்தியும் கொஞ்சம் உண்டு. கட்டட விஷயம் வந்த பிறகு அது முழுநேரத் தொழிலாகியது. டெங்கு பரிசோதகர் பூச்சட்டியை எட்டிப் பார்த்தால், “பூச்சட்டியில அவருக்கு என்ன வேல? ஆள் ஈக்கிறதா என்டுதான் பாக்குற” என்பார். மீன்காரன் கீழே நின்று மேலே பார்த்துக் கூவினால், இங்கே சமையல் நடக்கிறது என்று தெரிய, கத்தரிக்காய் வாங்கப் போவதுபோலப் பையை ஆட்டிக் காட்டுவார். எல்லோரையும்விட அவர் பயந்தது கட்டடச் சொந்தக்காரரின் வக்கீல் சாமினிக்கு. முப்பது வயதுப் பெண், மெல்லிய குரல், சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவாள். போன முறை வந்தபோது அடுப்பு ஆறிக் கிடந்த குசினியின் வாசலில் நின்று கொஞ்ச நேரம் தரையையே பார்த்தாள்.

“அங்கிள், உங்கட குசினியில ஒரு எறும்பு கூட இல்லையே?”

“நாங்க சுத்தமான ஆக்கள் மகள்.”

“ஓம், தெரியுது” என்று சிரித்துவிட்டுப் போனாள். மறுநாள் அவர் வெள்ளவத்தையிலிருந்து ஒரு பொட்டலம் சீனி கொண்டுவந்து குசினி மூலையில் தூவினார். எறும்புகள் வந்தன. அவையாவது ஒழுங்காகக் குடியிருந்தன.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு காலையில், தெருவுக்கு எதிர்ப்பக்கம், மூன்று காலில் ஒரு மரப்பெட்டி வந்து நின்றது.

பெட்டிக்கு முன்னால் ஒரு கண்ணாடிக் கண். நடுவில் ஆர்மோனியத் துருத்திபோல மடிப்பு மடிப்பாகத் தோல். பின்னால் ஒரு பெரிய கறுப்புத் துணி, அதற்குள் இடுப்புவரை புகுந்த ஒரு மனிதன். வெளியே தெரிந்தது நிறையப் பொக்கற் வைத்த காற்சட்டையும் இரண்டு சப்பாத்தும்தான். தன் தலையை மறைத்துக்கொண்டு அடுத்தவன் வீட்டைப் பார்க்கிறவன் என்ன யோக்கியனாக இருப்பான்?

“மெற்றில்டா! இஞ்ச வாங்க!” என்று பக்கத்துப் போர்ஷனைத் தட்டினார்.

மெற்றில்டா கட்லட் பொரித்துக் கடைகளுக்குக் கொடுப்பவள். அவளுடைய பக்கத்து விறாந்தையில் எப்போதும் புகை, ஈரத் துணி, வானொலி, யாரையாவது ஏசுகிற சத்தம். கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

“சர்வே பண்றாங்க போல நானா. நிலம் அளக்கிறவங்க இப்படித்தானே மூணு கால் வைப்பாங்க?”

“நிலம் அளக்கிறவன் நிலத்தப் பாக்கணும். இவன் ஏன் ஊட்டப் பாக்குற?”

“உங்க அழகைப் பாக்குறாரோ என்னமோ.”

கீழே நின்ற ஆட்டோக்காரன் ஒருவன் பொறுக்க முடியாமல் “மேக்க மொகத்த, அய்யே?” என்று, இது என்னவென்று சிங்களத்தில் துணியிடமே கேட்டான். துணி விலகி ஒரு முகம் வந்தது. கழுத்துவரை தலைமயிர், மூக்கு நுனியில் கண்ணாடி. “கெமரா, மல்லி” என்று அவனைத் தம்பியாக்கிச் சொல்லிவிட்டு முகம் திரும்ப உள்ளே போயிற்று.

கெமரா! சூப்பிரிண்டன் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். இந்தக் காலத்தில் படம் எடுக்க உள்ளங்கை அளவு போன் போதும். இவ்வளவு பெரிய கெமரா என்றால் எவ்வளவு பெரிய கேஸுக்கு?

அன்று மாலை வெள்ளவத்தையில் பஸ்ஸை விட்டிறங்கி, கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையால் நடந்தவர் தம்பிலிக் கடையின் இளநீர்க் குலைகளுக்குப் பின்னால் சட்டென்று ஒதுங்கினார். முன்னால் அதே மனிதன். தோளில் அதே மூன்று கால். நஸ்லாவின் பிளட்டைத் தாண்டி, நாலு கேற் தள்ளி, சர்வசாதாரணமாக உள்ளே போனான்.

“இஞ்சயும் வந்துட்டான்” என்றார் மனைவி ஹமீமாவிடம், யன்னல் சேலையை இழுத்து மூடியபடி. “கொட்டாஞ்சேனையில ஊட்டப் படம் புடிக்கிற. வெள்ளவத்தையில என்னயப் புடிக்கிற. ரெண்டையும் சேத்து வெச்சிக் கேஸ் போட்டுக் கோட்டுல காட்டுற.”

“அவருக்கு இஞ்ச ஊடு ஈக்கும்” என்றாள் ஹமீமா.

“ஒனக்கு ஒன்டும் விளங்காது.”

ஹமீமாவுக்கு விளங்கியதுதான் உண்மை. அந்த மனிதன் பெயர் றொபேட். மெல்பேனில் கணக்காளராக இருந்து அலுத்து, சகோதரியின் வெள்ளவத்தை வீட்டில் வந்து தங்கி, கொழும்பின் பழைய கட்டடங்களை உடைக்கமுன் படமெடுத்துக்கொண்டிருந்தான். மஜீட் நானா அதே ஒழுங்கையில் வசிப்பது அவனுக்குத் தெரியவே தெரியாது. தூணும் கூரையும் இல்லாத எதையும் அவன் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

மறுநாள் காலை பெட்டி அதே இடத்தில். மஜீட் நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டு தெருவைக் கடந்தார்.

“தம்பி, இது யாருட வேல?”

றொபேட் துணியிலிருந்து வெளியே வந்தான். “வேலை இல்லை அங்கிள், இது ஒரு சாட்சியம். நான் கட்டடங்களை எடுக்கிறேல்ல. காலத்தை எடுக்கிறனான்.”

‘சாட்சியம்’ என்ற சொல்லோடு மஜீட் நானாவின் காது மூடிக்கொண்டது. காலத்தை எடுத்ததெல்லாம் கேட்கவில்லை.

“பாக்கலாமா?”

துணிக்குள் தலையை விட்டார். உள்ளே இருட்டில், தாள் அளவுக் கண்ணாடியில், அவருடைய கட்டடம் தலைகீழாகத் தொங்கியது. கூரை கீழே, தெரு மேலே, அவருடைய கதிரை விழுந்துவிடாமல் எப்படியோ ஒட்டிக்கொண்டிருந்தது. இப்படியெல்லாம் கவிழ்த்து வைத்திருக்கிறான்! தலை வெளியே வந்தபோது தொப்பி கோணியிருந்தது.

“அங்கிள், ஒரு சின்ன உதவி” என்றான் றொபேட். “நாளைக்குத்தான் எடுக்கப்போறன். அப்ப நீங்கள் கொஞ்சம் உள்ள போய் இருக்க ஏலுமோ? எனக்குக் கட்டடம் மட்டும் வேணும். ஆக்கள் வேண்டாம்.”

இதோ, வாயாலேயே சொல்லிவிட்டான். ஆள் இல்லாத வீடு வேண்டுமாம்.

“ஏன் உள்ள போகணும்? என்ட ஊடு. என்ட விறாந்த.”

“பரவாயில்லை, இருங்கோ. எப்பிடியும் படத்தில விழமாட்டீங்கள்.” றொபேட் ஒரு கறுப்புக் கண்ணாடி வில்லையை எடுத்துக் காட்டினான். அவனுக்கு விளக்கம் சொல்வதென்றால் கரும்பு. “இதைப் போட்டுட்டு லென்ஸை நிறைய நேரம் திறந்து வைப்பன். அசையிறதெல்லாம் கரைஞ்சு போகும் அங்கிள். பஸ், ஆட்டோ, மனிசர், ஒண்டும் பிலிமில நிக்காது. அசையாதது மட்டும்தான் மிஞ்சும். அதுதான் நித்தியம்.”

“அப்ப, அசையாட்டி?”

“அசையாட்டி விழுவீங்கள். ஒரு மயிர் பிசகாமல் விழுவீங்கள். இந்த பிலிம் ஒரு தாள் அளவு பெரிசு, தூசி கூடத் தெரியும். ஆனா உயிருள்ள ஆளால ஏலாது அங்கிள்.”

மஜீட் நானா அவனை மேலும் கீழும் பார்த்தார். துறைமுகத்தில் முப்பது வருஷம் மேசை முன்னால் அசையாமல் இருந்தவரிடம் வந்து இந்தப் பொடியன் ஏலாது என்கிறான். சொந்தக்காரன் அனுப்பிய கெமராவிலேயே, சொந்தக்காரன் காசு கொடுத்த பிலிமிலேயே, தானும் தன் குடும்பமும் தன் சாமான்களும் ஒரு மயிர் பிசகாமல் விழுந்துவிட்டால், அதற்குமேல் எந்தக் கோட்டில் எவர் என்ன பேச முடியும்?

அடுத்த நாள் ஹமீமாவையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார். கல்யாண வீட்டுக்குச் சாமான் இறக்குவதுபோல உள்ளே இருந்ததெல்லாம் விறாந்தைக்கு வந்தது. இரண்டு கதிரை, ஒரு சின்ன மேசை, கேத்தல், றைஸ் குக்கர், ஸ்டாண்ட் பேன், கொடியில் காயப்போட்டதுபோல மூன்று சாரம்.

கேத்தலை ஹமீமா கொதிக்க வைக்கப்போனாள். “ஆவி அசையும்!” என்று தடுத்தார். சாரங்கள் காற்றில் ஆடின. ஒவ்வொன்றின் நுனியிலும் கல்லைக் கட்டித் தொங்கவிட்டார். யன்னல் சேலையைச் சுருட்டி ஆணியில் முடிந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஹமீமா பேனைப் போட்டாள், அவர் போய் நிறுத்தினார்.

“சித்திர மாசத்து வெயிலுங்க!”

“ஓடினா பேன் விழாது. பேன் ஈக்கிறதுன்டு தெரியணும்.”

“காத்து வராத பேன் எதுக்கு?”

“படத்துக்கு.”

ஹமீமா கைப்பையைக் கதிரைக் கையில் மாட்டிவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அதற்குள் வைத்தாள். படம் என்றால் அவள் கண்ணாடி போடமாட்டாள். வியர்த்த முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மெற்றில்டா இந்த ஏற்பாடெல்லாவற்றையும் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “நானா, கடை போட்டிருக்கீங்களா? அந்த றைஸ் குக்கர் என்ன வெல?”

“கதைக்காம அசையாம நில்லுங்க. இல்லாட்டி படத்துல வரமாட்டீங்க.”

“நான் வராம எந்தப் படம் வரும்? முப்பது வருஷமா இங்க பொரிச்சுக்கிட்டு இருக்கேன்!”

கீழே றொபேட் ஒரு தட்டையான கறுப்புச் சட்டத்தைப் பெட்டியின் பின்னால் செருகி, அதிலிருந்த தகட்டை உருவினான். கையை உயர்த்திக் காட்டிவிட்டு லென்ஸைத் திறந்தான்.

மஜீட் நானா அசையவில்லை. வியர்வை நெற்றியிலிருந்து புருவத்துக்கு வந்து, அங்கே யோசித்து, கண்ணுக்குள் இறங்கியது. அசையவில்லை. ஓர் இலையான் பறந்து வந்து அவர் மூக்கில் உட்கார்ந்து கால் கழுவியது. அசையவில்லை. மெற்றில்டா எண்ணெய்ச் சட்டியை இறக்கிக்கொண்டு, கீழே ஆட்டோக்காரனை ஏசிக்கொண்டு, கையை வீசி வீசி றொபேட்டுக்குச் சிரித்துக்கொண்டு, உள்ளும் புறமுமாய் ஓடினாள். ‘அழியுற, அழியுற, மனிசி அழிஞ்சு போகுற’ என்று மனதுக்குள் திருப்தியோடு சொல்லிக்கொண்டார். ஹமீமாவும் அசையவில்லை. வெக்கையில் அவள் கண் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தாள்.

றொபேட் கடைசியில் லென்ஸை மூடிவிட்டு, தெருவைக் கடந்து கீழே வந்து நின்று அண்ணாந்தான். “அங்கிள், நீங்கள் மனிசனே இல்லை!”

மஜீட் நானாவின் வாழ்நாளில் அவருக்குக் கிடைத்த மிகப் பெரிய சான்றிதழ் அதுதான். பள்ளிக்கூடம் விட்டால் பஸ் நிரம்பிவிடும் என்று சாமான்களை அப்படியே விறாந்தையில் போட்டுவிட்டுக் வீட்டுக் கதவைப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். படியில் ஹமீமாவை அவசரப்படுத்திக்கொண்டே இறங்கினார்.

அதன்பிறகு அவர் கொட்டாஞ்சேனைக்குப் போகவில்லை. எதற்குப் போவது? தாள் அளவு பிலிமில் அவர் இரவும் பகலும் அங்கே குடியிருந்துகொண்டிருக்கிறார். பஸ் வியர்வை மிச்சம்.

வெள்ளவத்தையில்தான் ஒரு சின்னக் கரைச்சல். ஹமீமாவின் கைப்பையைக் காணவில்லை. கண்ணாடி அதற்குள். ஓத எடுத்தால் எழுத்துத் தெரியவில்லை. கறிக்கு உப்பு என்று சீனி போட்டாள்.

“அன்டைக்கிக் கொட்டாஞ்சேனையில வெச்சிட்டு வந்தேனோ?”

“நீ அன்டைக்கிப் பேக் கொண்டே வரல்ல. எனக்கு நல்லா ஞாபகம்” என்றார் மஜீட் நானா. ஞாபகமில்லாத விஷயங்களில்தான் அவருக்கு உறுதி அதிகம்.

கண்காட்சி கொழும்பு ஏழில், வெள்ளைச் சுவர்கள் உள்ள ஒரு வீட்டில். றொபேட் கட்டடத்தில் எல்லோருக்கும் அழைப்புக் கொடுத்திருந்தான்; மஜீட் நானாவுக்கு வந்ததை மெற்றில்டா போனில் வாசித்துச் சொன்னாள். மஜீட் நானா கோட் போட்டுக்கொண்டார். ஒரு வாரத்துக்கு முன்பே சாமினிக்கு அவரே போன் எடுத்தார்.

“மகள், நீங்க கட்டாயம் வரணும். எங்கட ஊட்டப் பெருசாப் போடப் போறாங்க. வந்து நல்லாப் பாருங்க.”

“நீங்கள் கூப்பிட்டு வராமல் இருப்பனா அங்கிள்” என்றாள் சாமினி.

கூட்டம் வைன் போலத் தெரிந்த திராட்சைச் சாற்றைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாக நகர்ந்தது. ஒரு பேராசிரியர் ஒலிவாங்கியில், றொபேட்டின் படங்கள் மௌனத்தின் இலக்கணம் என்றார். சத்தமாகவும் நீளமாகவும் சொன்னார். மஜீட் நானா ஹமீமாவையும் சாமினியையும் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு கடைசிச் சுவருக்கு நடந்தார்.

அவருடைய கட்டடம் சுவர் உயரத்துக்கு நின்றது. தெருவில் ஒரு வாகனம் இல்லை, ஒரு மனிதன் இல்லை. ஓட்டின் வெடிப்பு, தூணின் பாசி, செதுக்கு மரத்தின் ஒவ்வொரு பூவும் தெரிந்தன. மேல் விறாந்தையில் மஜீட் நானா அரசர்போல வீற்றிருந்தார். கீழே அட்டையில் ‘இல்லாமையின் இருப்பு’ என்று எழுதியிருந்தது.

“பாத்தீங்களா?” என்றார். “ஈக்கிறேனா இல்லயா?”

பக்கத்தில் நின்ற கண்ணாடிக்காரர் ஒருவர் தன் தோழியிடம், “அந்த விறாந்தையில பொம்மைகளை வச்சதுதான் மாஸ்டர் ஸ்ட்ரோக். வாழ்க்கை இல்லாத இடத்தில வாழ்க்கையின் பாவனை” என்றார்.

“பொம்ம இல்ல, நான்!” என்றார் மஜீட் நானா.

கண்ணாடிக்காரர் அவரையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, மரியாதையாக ஓர் அடி பின்னுக்குப் போனார்.

மெற்றில்டா தேவாலயத்துக்குப் போகிற சேலையில் வந்து படத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். “நான் எங்க? என் பக்கம் ஒரே புகை மாதிரி கிடக்கு!”

“அந்தப் புகைதான் நீங்கள், அன்ரி” என்றாள் சாமினி. “பாருங்கோ, உங்கட உடுப்பெல்லாம் ஆடி மங்கிப் போய்க் கிடக்கு. சட்டியில புகை. வாசல்ல நாலஞ்சு நிழல், எல்லாம் நீங்கள்தான். அந்த வீட்டில ஒருத்தர் சீவிக்கிறா எண்டு பார்த்தவுடன தெரியுது.” பிறகு இடப்பக்கம் திரும்பினாள். “அங்கிள், உங்கட சாரத்தில ஏன் கல்லுக் கட்டியிருக்கு?”

“அது... காத்துக்கு.”

“பேனும் நிக்குது. அந்த வெயிலில?”

“படத்துக்காக மகள். ஓடினா விழாதே. எல்லாம் விழணும் என்டுதான் நானே எல்லாத்தையும் நிப்பாட்டின.”

“விழுந்துதான் இருக்கு” என்றாள் சாமினி மெதுவாக. அவள் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மஜீட் நானா அந்த முகத்தைச் சந்தேகத்தோடு வாசித்துப் பார்த்தார். சந்தேகிக்கிறாள். ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? படத்தில் ஆள் இருக்கிறது. எறும்பைக் காணோம் என்றோ பேன் ஓடவில்லை என்றோ எந்த நீதவான் முன்னால் போய்ச் சொல்வாள்? தப்பிவிட்டோம் என்று மூச்சு விட்டார். ஜுமானா புது வீட்டு வாசலில் நிற்பதுகூட ஒரு கணம் தெரிந்தது.

அந்த நேரத்தில் ஹமீமா படத்துக்குக் கிட்டப் போனாள். கண்ணாடி இல்லாததால் மூக்கு முட்டும் தூரத்துக்குப் போனால்தான் அவளுக்கு எதுவும் தெரியும். தன் முகத்தைத் தேடி, கண்டு, வயதாகிவிட்டதே என்று உச்சுக்கொட்டி, பார்வையை அப்படியே கீழே இறக்கினாள். கதிரைக் கை. அதில் தொங்கிய தோல் வார். வாரில் அறுந்து தைத்த இடம்கூட ஒரு மயிர் பிசகாமல்.

“அல்லாஹ்வே!” என்று கத்தினாள். மௌனத்தின் இலக்கணம் பேசியவர் திரும்பிப் பார்த்தார். “இந்தா என்ட பேக்! ரெண்டு மாசமா ஊடு முழுக்கத் தேடுற! இஞ்சயா ஈக்கிற நீ!”

மஜீட் நானா அவள் கையைத் தொட்டார். அவள் உதறினாள்.

“நீங்கதானே கொண்டு வரல்ல என்டு சொன்ன? அந்தப் புள்ள ஜுமானாவ எவ்வளவு ஏசிட்டேன்!”

“எங்கயெல்லாம் தேடினீங்கள் அன்ரி?” என்று சாமினி கேட்டாள். உண்மையான கரிசனையோடுதான் கேட்டாள்.

“எங்க தேடல்ல மகள்! நஸ்லாட கட்டிலுக்குக் கீழ, பிரிட்ஜுக்கு மேல, பால்கனியில, பேரப் புள்ளட பள்ளிக்கூடப் பேக்குக்குள்ள. கீழ செக்கியூரிட்டிக்கிட்டயும் கேட்ட. தம்பிலி விக்கிற மனிசன்கிட்டயும் கேட்ட. வெள்ளவத்தையில கேக்காத ஆளில்ல!”

பக்கத்தில் வந்து நின்ற றொபேட்டின் முகம் மலர்ந்தது. “வெள்ளவத்தையா? அன்ரி நீங்களும் எங்கட பக்கமா? நான் ஒரு நாளும் கண்டதில்லையே!”

கல்லுக் கட்டிய சாரங்களும், நின்ற பேனும், ஆவியில்லாத கேத்தலும் சுவரில் அப்படியே துலக்கமாக இருந்தன. மஜீட் நானாவும் அப்படியே நின்றார். கண்ணாடிக்காரரின் தோழி, அவர் எது, படம் எது என்று தெரியாதவள்போலப் பார்த்தாள். அசைகிறதெல்லாம் கரைந்துபோகும் என்று அந்தப் பொடியன் சொன்னது ஞாபகம் வந்தது. மஜீட் நானா அசைந்தார். முதலில் ஒரு கால், பிறகு மற்றது, பிறகு கோட்டு வால் பறக்க, வாசலை நோக்கி.

ஹமீமா திரும்பிப் பார்க்கவில்லை. படத்தில் பையைத் தொட்டுக்கொண்டே நின்றாள்.

“மகள், உடைக்க முந்தி ஒருக்காப் போய் இத எடுத்துக்கலாமா? கண்ணாடி இதுக்குள்ளதான் ஈக்கி.”

“எடுக்கலாம் அன்ரி” என்றாள் சாமினி. “எடுத்துக்கொண்டு போகேக்க வீட்டுத் திறப்பை மட்டும் என்னட்டத் தந்திட்டுப் போங்கோ.”